‘பாண்டவர் வீடு’ யாருடைய வீடு?

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பேருந்து கீழ்பென்னாத்தூரைக் கடந்துதான் செல்லும். சாலையின் இருபுறமும் மல்லாட்டைக் கொல்லைகள். அவற்றிற்கு அப்பால் யாரோ கொண்டுவந்து குவித்தாற்போன்ற பாறைக் குன்றுகள். பேருந்தில் செல்வோருக்கு அவை வெறும் கல். அந்தக் கல்லைப் பிளந்து பிழைக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதுவே சோறு. அந்தக் கற்களுக்குள் வரலாறும் இருக்கிறது என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். அறிந்த விதத்தையும், அதில் நான் செய்த பிழையையும் இங்கே கூற விரும்புகிறேன்.

புதருக்குள் ஒரு வீடு

பருவத் தேர்வு முடிந்து விடுமுறையில் ஊரிலிருந்தேன். ஒருநாள் மாலை எங்கள் வெள்ளாடு ஒன்று மந்தையோடு திரும்பவில்லை. அதைத் தேடிக் காட்டோரமாக நடந்தேன். எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு என்று இக்கட்டுரையில் குறிப்பிடப் போவதில்லை. அதற்கான காரணம் பின்னால் விளங்கும்.

காரைச் செடியும் சூரை முள்ளும் அடர்ந்த ஒரு மேட்டில் ஆடு கத்தும் ஒலி கேட்டது. முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே நான்கு பலகைக்கற்கள் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பெரும் பாறைப் பலகை மூடப்பட்ட ஓர் அறை நின்றுகொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்துக் கல்லில் வட்டமாக ஒரு துளை. எங்கள் ஆடு அந்தக் கல்லறையின் நிழலில் நின்று தழை தின்றுகொண்டிருந்தது. துளை வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே இருட்டும், வௌவால் நாற்றமும், பாதி அளவுக்கு நிரம்பிய மண்ணும்தான்.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். “அது பாண்டவரு ஊடுடா. வனவாசம் வந்தப்ப அங்கதான் தங்கினாங்க. அங்கெல்லாம் போவாதே” என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, “பாண்டவரு இல்ல, குள்ள மனுசங்க கட்டினது. இல்லாட்டி வாசல் அவ்ளோ சின்னதா இருக்குமா?” என்றார். இருவர் சொன்னதிலும் ஒரு பொருள் இருந்தது. இருவருமே அதை ‘வீடு’ என்று கருதினர். நான் அளந்தபோது அறையின் உயரம் மூன்றரை அடிதான் இருந்தது. துளையின் விட்டம் ஒன்றரை அடிக்கும் குறைவு. மனிதர் வாழ முடியாத வீடு அது. ஆம், அது வாழ்வதற்காகக் கட்டப்பட்டதன்று.

கல்திட்டை என்பது யாது?

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்ததும், கைபேசியில் எடுத்த படத்தை வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரே பார்வையில், “இது கல்திட்டை. பெருங்கற்காலத்து ஈமச் சின்னம்” என்றார். அன்று தொடங்கி நூலகத்தில் படித்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

இறந்தோருக்காகப் பெரும் கற்களைக் கொண்டு நினைவிடம் அமைத்த பண்பாட்டைப் பெருங்கற்படைப் பண்பாடு என்பர். தமிழகத்தில் அது இரும்புக் காலத்தோடு இணைந்தது. இச்சின்னங்கள் பல வகைப்படும். தரைக்கு மேலே தெரியும்படி பலகைக்கற்களால் கட்டிய அறை கல்திட்டை. அதே அறை நிலத்துக்குள் அமைந்தால் கல்பதுக்கை. புதைத்த இடத்தைச் சுற்றி உருண்டைப் பாறைகளை வட்டமாக வைத்தால் கல்வட்டம். ஒற்றைக் கல்லை உயரமாக நட்டால் நெடுங்கல். எலும்புகளைப் பெரிய மண் பானையில் இட்டுப் புதைத்தால் முதுமக்கள் தாழி. கால்கள் உள்ள தொட்டி போன்ற சுடுமண் ஈமப்பேழைகளும் உண்டு.

பெரும்பாலும் முழு உடலை இவற்றில் வைப்பதில்லை. உடலை வேறிடத்தில் வைத்திருந்து, பின்னர் எலும்புகளை மட்டும் திரட்டி, இறந்தவர் பயன்படுத்திய பொருள்களோடு சேர்த்து அடக்கம் செய்தனர். அறை ஏன் சிறிதாக இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. குள்ள மனிதர் தேவையில்லை. குடும்பத்தில் அடுத்தவர் இறந்தபோது அவருடைய எலும்புகளை உள்ளே வைப்பதற்கோ, படையல் இடுவதற்கோ அந்தத் துளை பயன்பட்டிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

இவ்வழக்கங்கள் நம் இலக்கியத்திலும் பதிவாகியுள்ளன. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய காதை, பிணத்தை எரித்தல், வெளியே இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்து முறைகளைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவனை வேண்டுகிறாள். இதைப் படித்த பிறகு அந்தக் கல்லறை எனக்கு வெறும் கல்லாகத் தோன்றவில்லை.

‘பாண்டவர் வீடு’ என்னும் பெயர் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. பாண்டவர் குழி, குள்ளர் குகை, வாலியர் வீடு என்று பல ஊர்களில் பல பெயர்கள். ‘மாண்டவர் குழி’ என்பதே ‘பாண்டவர் குழி’ என மருவியது என்று கூறுவோரும் உளர். இறந்தோரின் உறவு மறந்து போனது. பெயர் மட்டும் வேறு உருவில் நின்றது போலும்.

அப்பா படித்த பாடம்

என் தந்தை கல்லுடைக்கும் தொழிலாளி. பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துச் சென்று கல்திட்டையைக் காட்டினேன். அவர் முதலில் மூடுகல்லின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். நான்கு புறமும் சுற்றி வந்தார். பிறகு சொன்னார்:

“உளி வச்ச தடமே இல்லடா. ஆப்பு அடிச்ச குழியும் இல்ல. நெருப்பு வச்சு எடுத்திருக்கான்.”

பாறையின் மேல் விறகை அடுக்கி எரித்தால் மேற்பகுதி சூடேறி விரியும். அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும். கருங்கல்லில் உள்ள பளிங்குக்கல் துகள்களும் பிற கனிமங்களும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகவே உள்ளே இழுவிசை உண்டாகி, மேல்பாளம் அடிப்பாறையிலிருந்து பிரிகிறது. வெப்ப விரிவு பற்றி நான் பாடநூலில் படித்ததை அப்பா கையால் செய்து வந்திருக்கிறார். எங்கள் பக்கத்துக் குன்றுகள் இயற்கையாகவே வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரியும் இயல்புடையவை. அந்த ஏட்டைக் கண்டறிந்து, நெருப்பாலும் கனமான சுத்தியாலும் பலகையாக எடுத்தவன் கல்லின் வாக்கு அறிந்தவனாகவே இருந்திருக்க வேண்டும்.

அப்பா இன்னொன்றையும் கவனித்தார். நான்கு பக்கக் கற்களும் சதுரப் பெட்டிபோல் முனையோடு முனை சேரவில்லை. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தாண்டிச் சற்று நீண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். “ஒண்ணு உள்ள சாய வந்தா இன்னொண்ணு தடுக்கும்” என்றார். கர்நாடகத்தில் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த கல்லறைகளிலும் இதே அமைப்பு இருந்ததை நான் பிறகு நூலில் கண்டேன். தந்தை அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்!

வீடு திரும்பும் வழியில் அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “நான் வாலிபத்துல இந்த மாதிரி ரெண்டு ஒடைச்சிருக்கேன்டா. வேலிக்கல்லுக்குன்னு சொன்னாங்க, ஒடைச்சேன். செத்தவங்கள வச்ச எடம்னு அப்ப யாரு சொன்னா?”

அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல ஒரு கல்லூரி இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஒரு கணக்கு

மூடுகல்லை அப்பாவின் அளவு நாடாவால் அளந்தோம். நீளம் 8 அடி, அகலம் 6 அடி, கனம் சராசரியாக 9 அங்குலம். அதாவது 36 கன அடி. கருங்கல்லின் ஒரு கன அடி ஏறத்தாழ 76 கிலோ எடை இருக்கும். எனவே மூடுகல்லின் எடை சுமார் 2,700 கிலோ.

இதைத் தூக்கி வைக்க முடியுமா? கல்லின் சுற்றளவு 28 அடி. ஓர் ஆளுக்கு ஒன்றரை அடி இடம் என்றால் 18 பேர்தாம் சுற்றி நிற்கலாம். ஒவ்வொருவரும் 150 கிலோ தூக்க வேண்டும். அது நடவாது. ஆகவே மண்ணால் சரிவு அமைத்து, உருளைக் கட்டைகளின் மேல் இழுத்திருக்க வேண்டும். ஆறடி நீளத்துக்கு ஓரடி ஏறும் சரிவு என்று கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால் 450 கிலோ எடைக்குச் சமமான விசையே போதும். உராய்வையும் சேர்த்தால் முப்பது நாற்பது பேர் வடம் பிடித்தால் ஆகிவிடும். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் தேர் இழுப்பதைப் பார்த்த நமக்கு இது வியப்பன்று. சிலர் முன்னே இழுக்க, சிலர் பின்னே நெம்ப, சிலர் முட்டுக்கட்டையோடு நிற்க, ஒருவர் குரல் கொடுக்க வேண்டும்.

இக்கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. அந்த முப்பது பேருக்கும் அத்தனை நாளும் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். அப்படியானால் மிச்சம் பிடிக்கும் அளவுக்கு விளைச்சலும், ஒன்றுகூடி உழைக்கும் ஊரும் இங்கே இருந்தன. பாண்டவரோ பூதமோ வந்து கட்டவில்லை. இந்த மண்ணின் உழைப்பாளிகளே கட்டினர்.

ஓர் இரவில் நேர்ந்தது

இனி என் பிழைக்கு வருகிறேன்.

இவ்வளவும் அறிந்த பெருமையில், ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் படத்தைக் காட்டினேன். “பல நூற்றாண்டுப் பழமை, உள்ளே பொருள்கள் வைத்துப் புதைப்பார்கள்” என்று விளக்கினேன். ‘பொருள்கள்’ என்ற சொல்லை நான் ஒரு விதமாகச் சொன்னேன்; கேட்டவர் சிலர் வேறு விதமாகக் கேட்டிருக்கின்றனர். அடுத்த அமாவாசை கழிந்து நான் போய்ப் பார்த்தபோது துளை இருந்த கிழக்குக் கல் உடைந்து கிடந்தது. அறைக்குள் நான்கடி ஆழத்துக்குப் பள்ளம். வெளியே வாரிக் கொட்டிய மண். அதன் மேல் எலுமிச்சம்பழமும் குங்குமமும். மண்ணில் எலும்புத் துண்டுகளும், துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றும், பானை ஓடுகளும் சிதறிக் கிடந்தன. இரும்பையும் ஓட்டையும் அவர்கள் தொடவே இல்லை. அவர்கள் தேடியது தங்கம்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது தாழிகளில் பொன்னாலான நெற்றிப் பட்டங்கள் கிடைத்தது உண்மையே. ஆயினும் அது அரிது. செங்கற்பட்டுப் பகுதியில் சானூர், குன்னத்தூர் ஆகிய இடங்களில் 1950களில் நடந்த அகழாய்வுகளில் முறையாகத் தோண்டியபோதும் பெரும்பாலும் கிடைத்தவை இரும்புக் கருவிகளும் மட்கலங்களுமே. பானையும் அரிவாளும் அம்பு முனையும்தாம் அவர்கள் இறந்தோருக்குக் கொடுத்த சீர்.

அங்கே கிடந்த ஓடு ஒன்று உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருந்தது. இதற்குக் கறுப்பு சிவப்புப் பானை என்று பெயர். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உட்புறத்துக்குக் காற்று கிடைப்பதில்லை. அங்கே கரி படிந்து கறுக்கிறது. வெளிப்புறத்தில் களிமண்ணிலுள்ள இரும்பு உயிர்வளியோடு சேர்ந்து சிவக்கிறது என்று விளக்குவர். வேதியியல் துணைப்பாடத்தில் நாம் படிக்கும் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒரே ஓட்டில் இருக்கின்றன.

உண்மையில் களவு போனது எது?

“தங்கம் இல்லையே, பிறகு என்ன நட்டம்?” என்று ஊரில் கேட்டனர். அதற்கு இயற்பியல் விடை கூறுகிறது.

ஒரு கல்லறையின் வயதை அறியச் சிறந்த வழிகளில் ஒன்று கரிமக் கணிப்பு. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கதிரியக்கக் கரிமத்தையும் சிறிதளவு ஏற்றுக்கொண்டே இருக்கிறது. மரம் வெட்டுண்டதும் அது நின்றுவிடும். அதுவரை சேர்ந்த கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஆகவே கல்லறையில் கிடைக்கும் ஒரு கரித்துண்டில் எஞ்சியிருப்பதை அளந்தால் காலம் தெரியும். ஆனால் அந்தக் கரி எந்த அடுக்கில், எந்தப் பானையின் அருகில் இருந்தது என்பது தெரிய வேண்டும். மண்வெட்டியால் வாரிக் கொட்டிய குவியலில் கிடைக்கும் கரி, நேற்று ஆட்டுக்காரன் மூட்டிய நெருப்பின் கரியாகவும் இருக்கலாம்.

மற்றொரு முறை ஒளிர்வுக் கணிப்பு. மண்ணிலுள்ள பளிங்குக்கல் துகள்கள் நிலத்தின் இயற்கைக் கதிர்வீச்சால் சிறுகச் சிறுக ஆற்றலைச் சேமிக்கின்றன. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். எனவே ஒரு துகள் கடைசியாக வெளிச்சம் கண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அதிலுள்ள ஆற்றலால் அளக்கலாம். அந்த மண்ணை இருட்டில் எடுத்து, இருட்டிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவர். எங்கள் கல்திட்டையின் மண்ணோ மறுநாள் காலையே வெயிலைப் பார்த்துவிட்டது. கடிகாரம் மீண்டும் சுழியத்துக்குப் போய்விட்டது.

இக்கணிப்புகளின் பெருமையை அண்மைச் செய்திகளே காட்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172க்குச் செல்கிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் கணிப்புகள் அதை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே கொண்டுசெல்கின்றன என 2025இல் வெளியிட்டது. இவை தங்கத்தால் தெரிந்தவை அல்ல. கரித்துண்டாலும் மண்ணாலும் தெரிந்தவை. எங்கள் மேட்டில் அந்த இரவில் களவு போனது அந்தக் கல்லறையின் வயது. வழி காட்டியவன் நான்.

நம்மைச் சுற்றி உள்ளவை

நம் மாவட்டத்தில் இத்தகைய சின்னங்கள் குறைவல்ல. தண்டராம்பட்டுப் பகுதியில் மோட்டூரில் கல்வட்டத்தின் நடுவே, மனித உருவை நினைவூட்டும்படி வெட்டப்பட்ட பெரும் பலகைக்கல் நிற்கிறது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் ஏராளம். அவற்றின் கல்வெட்டுகளை இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. அந்நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. கும்பிடுவதால் அவை பிழைத்தன. கும்பிடாத கல்திட்டைகள் வேலிக்கல்லாயின.

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் ஒரு குன்றின் மேல் கல்திட்டைகள் கூட்டமாக உள்ளன. சிலவற்றின் உள்ளே வெண்ணிற ஓவியங்களும் உண்டு. கடல் கடந்து கொரியாவிலும், அயர்லாந்திலும் இதே போன்று கல்மேல் கல் ஏற்றிய ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், கங்க்வா கல்திட்டைகள் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன. நம்முடையதைப் பார்த்து அவர்களோ, அவர்களுடையதைப் பார்த்து நாமோ கட்டவில்லை. இறந்தவரை மறக்க மனம் வராத மனிதர், கையருகே கல் கிடைத்த இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

நாம் செய்யக்கூடியவை

நண்பர்களே! நம்மில் பலர் கிராமங்களிலிருந்து வருகிறோம். உங்கள் ஊரிலும் ஒரு பாண்டவர் வீடு இருக்கலாம். கண்டால் உள்ளே இறங்காதீர்கள். ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். படமெடுத்து, அளந்து, நம் வரலாற்றுத் துறையிலோ தொல்லியல் துறையிலோ தெரிவியுங்கள். இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. பழஞ்சின்னங்களைக் காக்கத் தமிழகத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். டீக்கடையில் மட்டும் சொல்லாதீர்கள். இது அனுபவத்தில் கற்றது.

பேராசிரியரை அழைத்துச் சென்று காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நட்ட கற்களுக்கு அடியில் இருக்கும் மண்ணை அவர்கள் தொடவில்லை. அது இன்னும் இருட்டில்தான் இருக்கிறது” என்றார். சுற்றிலும் தேடியதில் முள்ளுக்குள் பாதி புதைந்த கல்வட்டம் ஒன்றையும் கண்டோம். விவரங்களை எழுதித் தொல்லியல் துறைக்கு மனு அனுப்பியுள்ளோம்.

அப்பா தம் பங்குக்கு ஒன்று செய்தார். தம்மோடு கல்லுடைக்கும் தோழர்களை ஒருநாள் அங்கே கூட்டிச் சென்று, மூடுகல்லைக் காட்டி, உளித் தடம் இல்லாததைத் தடவிப் பார்க்கச் சொன்னார். “நம்ம தொழில்காரன் செஞ்சதுடா இது. இதுல கை வைக்காதீங்க” என்றார். ஆயா கேட்டபோதும் அதையே சொன்னார்: “பாண்டவரு ஊடு இல்லம்மா. நம்மாளுங்க ஊடு.”

அந்த ‘நம்மாளுங்க’ என்ற சொல்தான், நான் நூலகத்தில் தேடிய விடை.